மாப்பிள்ளைக்கு ஏன் முடி கொட்டியது

பூங்காவில் சவாரிக்கு நிற்கும் மட்டக்குதிரைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவர் டீக்கடைக்காரர். அதை வளர்த்தது அக்கா தங்கை இரண்டே பேர் இருந்த வீடு. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லையே என்று அவர்கள் உருகியதாகவும் யாரும் பார்த்ததில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் இந்தப் பழுப்பு நிறக் குட்டையனைக் கயிறு பிடித்துக் கூட்டிவந்த அன்று, டீக்கடைக்காரர் டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டு, ஒருவழியாக இந்த வீட்டுக்கும் ஒரு மாப்பிள்ளை வந்து சேர்ந்தார் என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். தங்கை முறைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளை முறுக்குக்கும் குறைவில்லை. காலையில் ஒரு கேரட் வாய்க்கு வராமல் முதல் சுற்றுக்குக் கால் நகராது. அழுகிற குழந்தையை ஏற்றினால் நடுவழியில் நின்றுவிடும். மற்றபடி தங்கமான பிராணி. ஒரு குழந்தையையும் கீழே போட்டதில்லை.

பூங்காவில் எல்லோரும் மூத்தவளைப் பெரியக்கா என்றும் இளையவளைச் சின்னக்கா என்றும் கூப்பிட்டார்கள். பெரியக்கா வாய்க்காரி. டிக்கெட் கிழிப்பது, குழந்தைகளைப் பேச்சுக் கொடுத்து ஏற்றுவது, பெற்றோர்களை வரிசையில் நிறுத்துவது எல்லாம் அவள். கயிறு பிடித்து நடப்பது, குளிப்பாட்டுவது, சாணம் அள்ளுவது சின்னக்கா. பெரியக்கா போய் ஏழு மாதம் ஆகிறது. ஒன்றரை வருடம் படுக்கையும் ஆஸ்பத்திரியுமாகக் கிடந்து போனாள். எடுத்துக்கொண்டு போன அன்றும் சின்னக்கா அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கல்நெஞ்சுக்காரி என்றார்கள். கல்நெஞ்சு இல்லை. வெகுநேரம் காலை மடித்து உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் தெரியாதே, அப்படி அவளுக்கு உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. சாப்பாடு உப்பா உறைப்பா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

மாப்பிள்ளை சொறிய ஆரம்பித்தது வெயில் காலம் பிறந்த பிறகு. முதலில் கொட்டகைக் கம்பத்தில் கழுத்தை ஒரு தேய்ப்பு, இரண்டு தேய்ப்பு. பிறகு பூங்காவின் இரும்பு வேலியில் பின்புறத்தைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆனந்தமாக ஆட ஆரம்பித்தது. வேலியின் பச்சை பெயிண்ட் ஒரு சாண் அகலத்துக்கு உரிந்துவிட்டது. பிடரி மயிர் அடியோடு கொத்துக் கொத்தாய் வந்தது. வால் முளைக்கிற இடம் மழித்துவிட்டதுபோல் ஆயிற்று. வயிற்றுக்கு அடியில் நட்டநடுவே ஒரு கோடு, அங்கேயும் தோல் தெரிந்தது.

காலையில் கொட்டகையைத் திறந்து, வைக்கோலில் அந்த முடியை முதல்முறையாகப் பார்த்தபோது சின்னக்கா என்ன செய்தாள் தெரியுமா? டாக்டரிடம் ஓடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கையைத் தண்ணீரில் நனைத்தாள். ஈரக்கையால் வைக்கோலைத் தடவித் தடவி முடியை ஒட்டி எடுத்தாள். கம்பத்திலும் வேலியிலும் ஒட்டியிருந்ததை எடுத்தாள். எல்லாவற்றையும் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி, மாப்பிள்ளையின் கண்ணில் படாமல், தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

குதிரைக்கு என்ன தெரியப்போகிறது என்று கேட்காதீர்கள். பெரியக்காவுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் முடி கொட்டியது. அவள் விழிப்பதற்கு முன்னால் எழுந்து, தலையணையில் கிடக்கிற முடியை ஈரக்கையால் ஒட்டி எடுத்து வெளியே போட்டுவிடுவாள் சின்னக்கா. மாதக்கணக்கில் அதைச் செய்த கை அது. முடியைப் பார்த்ததும் கை தானாகச் செய்துவிட்டது. மனசும் தானாக ஒரு கணக்குப் போட்டுவிட்டது: அடுத்தது இது. இதுவும் போகப்போகிறது. போகிற உயிரை எதற்கு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு அலைய வேண்டும்? ஒரு தடவை அலைந்து பார்த்தாயிற்று. தினமும் காலையில் முடியைப் பொறுக்கினாள், கயிறு பிடித்து நடந்தாள், அவ்வளவுதான்.

ஊர் அப்படி விடுமா? ஆளாளுக்கு வைத்தியம். முடி திருத்துகிறவர் பொடுகு என்று சொல்லி, கடையிலிருந்து பாதி பாட்டில் ஷாம்பூ கொண்டுவந்து கொடுத்தார். தேய்த்துக் குளிப்பாட்டினாள். இரண்டு நாள் மாப்பிள்ளை கமகமவென்று மணத்துக்கொண்டே சொறிந்தது. தோட்டக்காரர் பேன் என்றார். கோழிகளுக்குத் தூவுகிற பொடியைத் தூவச் சொன்னார். தூவினாள். டீக்கடைக்காரர் சூடு என்றார், தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். தடவினாள். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிச் செய்தாள். எதிலும் அவளுக்கு நம்பிக்கை இல்லை, சண்டை போடத் தெம்பும் இல்லை. மாப்பிள்ளைக்கு இந்த வயதிலேயே வழுக்கை விழுந்துவிட்டதே, இனி பெண் யார் கொடுப்பார்கள் என்று டீக்கடைக்காரர் கிண்டல் செய்து பார்த்தார். முன்பெல்லாம் முறைக்கவாவது செய்வாள். இப்போது தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையை ஏற்ற வந்த ஒரு அம்மா வாலைப் பார்த்துவிட்டாள். படர்தாமரை, குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று கத்திவிட்டு நேரே பூங்கா ஆபீசுக்குப் போனாள். மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. சட்டம் பேசினாலும் குரலை உயர்த்தாதவர். சவாரியை நிறுத்தி வைக்கச் சொன்னார். ஒட்டுகிற நோய் இல்லை என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் எழுதிய காகிதம் பத்து நாளில் வரவேண்டும். வராவிட்டால் கொட்டகையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்றார். பூங்காவின் கொட்டகையை விட்டால் அந்தப் பிராணியைக் கட்ட வேறு இடம் கிடையாது. அவள் இருந்தது மாடியில் இரண்டு அறை வாடகை வீடு. அப்புறம் சந்தையில் மூட்டை வண்டி ஓட்டுகிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். அவன் கேட்டுக்கொண்டேதான் இருந்தான். அவனுடைய முந்தைய குதிரை ஏற்றத்தில் மூட்டையோடு விழுந்து செத்தது ஊருக்கே தெரியும்.

சின்னக்கா சரி என்றாள். ஏழு நாள் ஒன்றும் செய்யவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வேலியில் தேய்த்துத் தேய்த்து வால் அடியில் தோலைப் பிய்த்துக்கொண்டது. ரத்தம் தொடை வழியாக இறங்கியது. அவள் ஐந்தடி தூரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது, எழுந்திருக்கவில்லை. நெஞ்சில் ஒரு சின்னத் துடிப்புகூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது அவளுக்கு உறைத்தது. ரத்தம் இல்லை, ரத்தத்தைப் பார்த்தும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது. ஐயோ, நான் என்ன ஜென்மம் என்று பயந்துபோனாள். மறுநாள் காலை ஆஸ்பத்திரி திறப்பதற்கு முன்பே மாப்பிள்ளையோடு வாசலில் நின்றாள்.

டாக்டர் முப்பது வயதுப் பெண். சட்டைப் பையில் எப்போதும் கேரட்டோ பிஸ்கட்டோ இருக்கும். மாப்பிள்ளை ஒரே மோப்பத்தில் அவரோடு சிநேகமாகிவிட்டது. எங்கெல்லாம் சொறிகிறது என்று அவர் கேட்டார். சின்னக்கா காட்டினாள்.

"எங்கெல்லாம் சொறியலை? அதைச் சொல்லுங்க. எனக்கு அதுதான் முக்கியம்."

இந்த மாதிரி யாரும் கேட்டதில்லை. சின்னக்கா யோசித்தாள். முதுகில் சேணம் உட்கார்கிற இடத்தில் சொறியவில்லை. விலாவில் இல்லை. காலில் இல்லை. முகத்தில் வார் படுகிற இடத்தில் இல்லை. அப்படியானால் சேணமும் இல்லை, சேணத்துணி துவைத்த சோப்பும் இல்லை என்று டாக்டர் இரண்டு விரலை மடக்கினார். வெள்ளைக் காகிதத்தை விரித்து அதன்மேல் முடியைச் சீவினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பேன் இல்லை, ஈர் இல்லை. தோலைச் சுரண்டி உள்ளே கொண்டுபோய்ப் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வந்து, படர்தாமரையும் இல்லை, சிரங்குப் பூச்சியும் இல்லை, முடி வட்ட வட்டமாகவும் விழவில்லை என்றார். வால் அடியில் ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்தார். குடல்புழுவின் முட்டை ஒட்டியிருந்தால் அதில் தெரியும், அதுவும் இல்லை. மிச்சம் இருந்தது பிடரி, வால், வயிற்றுக் கோடு.

பிறகு ஒரு நாள் முழுக்க குதிரை என்ன செய்கிறது என்று மணிவாரியாகச் சொல்லச் சொன்னார். சின்னக்கா ஒப்பித்தாள். ஏழு மணிக்குத் தீனி. ஒன்பதிலிருந்து சவாரி, இப்போது இல்லை. மத்தியானம் கொட்டகையில் ஓய்வு. ஆறு வரை சவாரி. ஆறிலிருந்து ஏழரை வரை குளத்தங்கரை.

"குளத்தங்கரையில என்ன?"

"அது மேயும். நான் பெஞ்சுல உட்கார்ந்திருப்பேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். அன்று சாயங்காலம் தானே பூங்காவுக்கு வந்துவிட்டார். ஒரு வெள்ளைத் தட்டில் எண்ணெய் பூசி மாப்பிள்ளையின் முதுகில் பட்டையோடு கட்டிவிட்டு, சின்னக்காவின் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். பொழுது சாய்ந்தது. காற்று நின்றது. ஆறரை மணிக்கு மாப்பிள்ளை தலையை உதறியது. ஏழு மணிக்குக் காலால் வயிற்றை உதைத்துக்கொண்டது. பிறகு வழக்கம்போல் வேலியைத் தேடிப் போயிற்று. டாக்டர் தட்டை அவிழ்த்து டார்ச் அடித்துக் காட்டினார். மிளகுப் பொடி தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள்.

கொசு இல்லை, கொசுவைவிடப் பொடிசு என்றார். குளத்துச் சேற்றில் பிறக்கிற பூச்சி. பொழுது சாயும்போதும் விடியும்போதும் கிளம்பும், பிடரியையும் வாலையும் வயிற்றையும்தான் தேடிப் போய்க் கடிக்கும். பத்துக் குதிரையைக் கடித்தால் ஒன்பதுக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றுக்கு அந்த எச்சில் ஒத்துக்கொள்ளாது, நாளெல்லாம் அரிக்கும். இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவே.

அவருக்கு ஒன்றுதான் புரியவில்லை. பதினோரு வருடமாக இதே குளம், இதே குதிரை. இப்போது மட்டும் ஏன்?

சின்னக்காவுக்கு அது தெரிந்திருந்தது. சாயங்காலம் ஐந்தடித்தால் பெரியக்கா கடையைக் கட்டிவிடுவாள். மாப்பிள்ளையைக் கொட்டகையில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடுவாள். ஐந்தரைக்கு அவளுடைய சீரியல். கூட்டம் வருவதே ஐந்துக்கு மேல்தான், வருகிற லட்சுமியை விரட்டிவிட்டு அந்த மாமியார் கொடுமையைப் பார்க்க ஓடுகிறாயே என்று சின்னக்கா எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறாள். காது கேட்காத மாதிரி போய்விடுவாள் மகராசி. நோயில் விழுந்த பிறகு, மருந்து கொடுக்கிற நேரம் என்று சின்னக்காவும் ஐந்துக்கே கட்டினாள். அக்கா போன பிறகுதான் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போக அவளால் முடியவில்லை. விளக்கு போடாமல் உள்ளே பார்க்க முடிகிற வெளிச்சத்தில் அந்த வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. அதனால்தான் குளத்தங்கரை. இருட்டும் வரை பெஞ்சு. பக்கத்தில் ஒரு துணைக்கு மாப்பிள்ளை.

இதையெல்லாம் அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. "முன்னால அஞ்சு மணிக்கே கட்டிடுவோம்" என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போதே விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. தான் தப்பித்து வந்து உட்கார்ந்த இடத்தில் அந்த வாயில்லா ஜீவன் தினமும் கடிபட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. துணைக்கு என்று கூட்டிவந்து, பூச்சிக்குத் தின்னக் கொடுத்திருக்கிறாள். பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டும்கூட எங்கோ தூரத்தில் யாரோ யாரையோ திட்டுவதுபோல் இருந்தது.

வைத்தியம் சின்னதுதான். ஐந்து மணிக்குள் கொட்டகை, நன்றாக வெயில் ஏறிய பிறகு வெளியே. கதவுக்கு நைசான துணியால் திரை. கொசுவலை உதவாது, அதன் ஓட்டையில் இந்தப் பூச்சி நுழைந்துவிடும். ஒரு மின்விசிறி, காற்றடித்தால் இந்தப் பூச்சிக்குப் பறக்கத் தெரியாது. புண்ணுக்கு ஒரு களிம்பு. டாக்டர் காகிதம் எழுதிக் கொடுத்தார்: ஒட்டுகிற நோய் இல்லை. மேற்பார்வையாளர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, புண் ஆறியதும் சவாரி ஓட்டலாம் என்றார். தன் ஆபீசில் சும்மா கிடந்த விசிறியையும் தூக்கிக் கொடுத்தார். டீக்கடைக்காரர் அடுத்த நாள் முழுக்க வருகிறவன் போகிறவனிடமெல்லாம், சூடு என்று நான் சொன்னபோதே பூச்சியாகவும் இருக்கலாம் என்று நினைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆக, மூட்டை வண்டிக்காரன் கையிலிருந்து மாப்பிள்ளை தப்பித்தது. சின்னக்கா நம்பினாளா என்றால், இல்லை. பெரியக்காவுக்கும் காகிதம் காகிதமாக எழுதிக் கொடுத்தார்கள். சொன்னதைச் செய்தாள். ஐந்து மணிக்குக் கட்டினாள். கட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள், வேறு போக்கிடம் இல்லை. வெளிச்சத்தில் கதவைத் திறந்தாள். அக்காவின் கட்டில், அக்காவின் செருப்பு, ஜன்னல் கம்பியில் அக்கா மாட்டிய துணி கிளிப்புகள். எல்லாம் இருந்தன. பார்த்தாள். சமைத்தாள், தின்றாள், படுத்தாள். காலையில் போய் ஈரக்கையோடு வைக்கோலைத் தடவினாள். முடி குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் ஒன்றுமே ஒட்டவில்லை. அப்போதும் அவள் மறுநாள் தடவினாள்.

மூன்று வாரம் கழித்து, களிம்பு போடும்போது, பிடரியில் விரலுக்குக் கீழே ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தாள். முளைத்திருந்தது. குட்டையாய், விறைப்பாய், வரிசையாய். வால் அடியிலும் முளைத்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். சின்னக்கா களிம்புக் கையைக்கூடத் துடைக்காமல் மாப்பிள்ளையை அவிழ்த்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வாசலில் கூட்டம். கூடையில் பூனை, சங்கிலியில் நாய், காலில் கட்டுப்போட்ட ஆட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர். டாக்டர் வெளியே வந்தார், பிடரியைத் தடவிப் பார்த்தார், முகம் மலர்ந்தார். முடி கொட்டுகிறது என்று வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், முளைக்கிறது என்று வந்தது நீங்கள் ஒருத்தர்தான் என்று சிரித்தார்.

"எங்க அக்காவுக்கும் இப்படித்தான் முளைச்சுது" என்றாள் சின்னக்கா.

டாக்டரின் சிரிப்பு நின்றது.

"ஒரு விரற்கடை முளைச்சுது. தொட்டுப் பாருடி, தொட்டுப் பாருடின்னு என் கையை இழுத்து வச்சா. ரெண்டு பேரும் அவ்வளவு சந்தோஷப்பட்டோம். மூணு மாசத்துல போயிட்டா."

மனிதர்களைப் பார்க்கிற டாக்டராக இருந்திருந்தால் ஆறுதல் வார்த்தை நாலு கைவசம் இருந்திருக்கும். இவருக்கு அது பழக்கமில்லை. சின்னக்காவின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் பிடரிமேல் வைத்தார்.

"அவங்களுக்கு இருந்தது வேறம்மா. இதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல. வெளிய பூச்சி கடிச்சுது, சொறிஞ்சுது, முடி போச்சு. இப்ப கடிக்கல, முடி வருது. இதால இது சாகாது."

"நிஜமாவா?"

"நிஜமா. இன்னும் பத்து வருஷம் உங்களைப் படுத்தும்."

ஒன்றரை வருடம் எத்தனையோ டாக்டர்களுக்கு எதிரே அவள் உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கலாம் என்றார்கள், இன்னொரு மருந்து இருக்கிறது என்றார்கள், தைரியமாக இருங்கள் என்றார்கள். சாகாது என்று ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. சொல்ல மாட்டார்களா, சொல்ல மாட்டார்களா என்று ஒவ்வொரு தடவையும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். இங்கே, இந்த நாய் குரைக்கிற வாசலில், அவள் கேட்காமலே ஒருத்தர் சொல்லிவிட்டார்.

"இதுக்கு வாலு எதுல தேயுது, எங்க தேயலைன்னு அவ்வளவு பார்த்தீங்களே டாக்டர்" என்றாள் சின்னக்கா. "அவளை ஏன் ஒருத்தராலயும் காப்பாத்த முடியல?"

சின்னக்கா குதிரையின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அக்கா அக்கா என்று வாய்விட்டுக் கதறினாள். பூனைக்காரி எழுந்து நின்றாள். நாய்க்காரன் நாயை அதட்டி அடக்கினான். ஆட்டுக்காரப் பெரியவர் ஆட்டை பெஞ்சில் படுக்க வைத்துவிட்டு வந்து, அவள் கையிலிருந்து நழுவிய கயிற்றை எடுத்துப் பிடித்துக்கொண்டார்.